ஆர்.ஈ.எம். இசைக்குழுவை எங்கே தொடங்கி எப்படிக் கேட்டு முடிப்பது

ஆர்.ஈ.எம். என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மாண்டலினில் தொடங்கும் அந்த ஒரே பாட்டுதான், 'லூசிங் மை ரிலிஜன்'. சரி, மற்றதையும் கேட்போமே என்று தேடினால் 1983 முதல் 2011 வரை 15 ஸ்டுடியோ ஆல்பங்கள் வரிசைகட்டி நிற்கும். எதில் கை வைப்பது என்று புரியாமல் ஹிட் பாடல் தொகுப்பு ஒன்றைப் போட்டு ஷஃபிளில் விட்டுவிடுவோம். நானும் அதைத்தான் செய்தேன். ஒரு பாட்டில் வார்த்தையே பிடிபடாத முணுமுணுப்பு, அடுத்ததில் காதைக் கிழிக்கும் கிட்டார், அதற்கடுத்து குழந்தைகள் நிகழ்ச்சி போல ஒரு கும்மாளம். எல்லாம் ஒரே குழுவா என்று குழம்பி இரண்டே வாரத்தில் விட்டுவிட்டேன். திரும்பி வர ஆண்டுகள் ஆயின. அந்தச் சுற்றுவழி உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இந்தக் குழுவைக் கேட்பதே ஆட்களைப் பிரித்துக் கேட்பதுதான். ஊர், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் ஏதென்ஸ் என்ற பல்கலைக்கழக நகரம். பீட்டர் பக் அங்கே ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தார், ஓவியம் படித்துக்கொண்டிருந்த மைக்கேல் ஸ்டைப் அந்தக் கடைக்கு வரும் வாடிக்கையாளர். இருவரும் ஒரே மாதிரித் தட்டுகளுக்கு ஆசைப்பட்டதில் தொடங்கிய பழக்கம் அது. அப்புறம் மேக்கன் நகரத்தில் பள்ளிக்காலத்திலிருந்தே சேர்ந்து வாசித்துவந்த மைக் மில்ஸும் பில் பெர்ரியும் வந்து சேர்ந்தார்கள். ஸ்டைப் குரல், பக் கிட்டார், மில்ஸ் பாஸ் கிட்டார், பெர்ரி டிரம்ஸ். 1980 ஏப்ரல் 5 அன்று, குடியிருப்பாக மாறிப்போன ஒரு பழைய தேவாலயத்தில், நண்பரின் பிறந்தநாள் விருந்துக்கு வாசித்ததுதான் முதல் கச்சேரி. அப்போது குழுவுக்குப் பெயர்கூடக் கிடையாது, பின்னால் அகராதியைப் புரட்டி எடுத்த பெயர்தான் ஆர்.ஈ.எம்.

இதில் நீங்கள் மறக்கக்கூடாத விஷயம் ஒன்று உண்டு. யார் எழுதினாலும் பாடல்கள் நான்கு பேர் பெயரிலும் அகரவரிசையில் பதிவாகும்: பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப். முடிவுகளிலும் அப்படித்தான், ஒருவர் வேண்டாம் என்றால் அது நடக்காது. பணத்துக்காகச் சண்டை போட்டு உடைந்த குழுக்களின் பட்டியலைப் பார்த்தால் இது எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று தெரியும். ஆனால் நமக்கு, கேட்பவர்களுக்கு, இதன் பொருள் வேறு: பாடகரையே பிடித்துக்கொண்டு போனால் பாட்டில் கால்பங்குதான் கிடைக்கும்.

சரி, எங்கே தொடங்குவது? முதல் ஆல்பத்தில் தொடங்காதீர்கள். 1992 அக்டோபரில் வந்த 'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்' ஆல்பத்தைப் போடுங்கள். முழுதாக, வரிசைப்படி, ராத்திரியில் கேட்டால் இன்னும் நல்லது. மெதுவான, சாவையும் வயதாவதையும் பற்றிய ஆல்பம் அது, அப்படியிருந்தும் அழுகுணி ஆல்பம் இல்லை. தலைப்பு ஏதென்ஸில் இருந்த ஓர் உணவகத்தின் வாசகம், ஏதோ தத்துவம் என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நான்கு பாடல்களுக்கு வயலின் பகுதிகளை அமைத்துக் கொடுத்தவர் லெட் செப்பலின் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ். எல்லாருக்கும் தெரிந்த 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பாட்டை டிரம்மர் பெர்ரிதான் பெரும்பாலும் எழுதினார், ஆனால் அதில் தாளம் தட்டுவது முக்கியமாக ஒரு மலிவான டிரம் மெஷின். 'நைட்ஸ்விம்மிங்' பாட்டில் இன்னும் விசேஷம்: டிரம்ஸ் இல்லை, கிட்டாரும் இல்லை. மில்ஸ் பியானோவில் ஒரே சுழலைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார், ஸ்டைப் அதன்மேல் பாடுகிறார், பின்னால் வயலின்களும் ஓபோ என்ற ஊதுகருவியும். பாதிக் குழு சும்மா இருப்பதே அந்தப் பாட்டுக்கான பங்களிப்பு என்று முடிவெடுக்கும் ராக் குழு எத்தனை இருக்கிறது சொல்லுங்கள்.

இந்த ஆல்பம் பழகிய பிறகு ஒரே தாவாக 1983-க்குப் போங்கள், 'மர்மர்'. இங்கேதான் ஆட்கள் கழன்றுகொள்வார்கள். ஸ்டைப் என்ன பாடுகிறார் என்றே புரியாது, உங்கள் ஆங்கிலத்தில் கோளாறு இல்லை, அமெரிக்கர்களுக்கும் புரியவில்லை. வார்த்தைகளைத் தேடி வாசிக்க உட்காராதீர்கள். அவர்களே அச்சிட்டுக் கொடுக்கவில்லை, 1988-இல் ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் கொடுத்தார்கள், ஒரு முழு ஆல்பத்துக்கும் வரிகளை அச்சிட்டது 1998-இல்தான். ஆகவே குரலையும் ஒரு வாத்தியமாக எடுத்துக்கொண்டு மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை கிட்டாரை மட்டும். பக் ரிக்கன்பேக்கர் கிட்டாரில் கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டத்தை) ஒட்டுமொத்தமாக அடிக்காமல் ஒவ்வொரு தந்தியாகப் பிரித்து மீட்டுவார், சோலோ என்று நிமிர்ந்து நிற்கவே மாட்டார். இரண்டாவது தடவை பாஸ். கிட்டார் இப்படிக் கலகலவென்று ஓடிக்கொண்டிருப்பதால் மெட்டைத் தூக்கிச் செல்லும் வேலை பல இடங்களில் மில்ஸ் கையில் இருக்கிறது. மூன்றாவது தடவை பின்னணிக் குரல்கள். அதற்குள் ஆல்பம் உங்களை உள்ளே இழுத்திருக்கும்.

அந்த ஆல்பத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பிடிவாதமும் உண்டு. அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமான ஐ.ஆர்.எஸ். முதலில் வேறொரு தயாரிப்பாளரை வைத்துப் பார்த்தது, அவர் எடுத்ததையே திரும்பத் திரும்ப எடுக்கவைத்து, மேலே சின்தசைசரும் பூசினார். குழுவுக்குப் பிடிக்கவில்லை. தங்களுடைய 1981 முதல் சிங்கிளைப் பதிவு செய்த மிட்ச் ஈஸ்டரிடமே போனார்கள், டான் டிக்சனும் சேர, வட கரோலினாவின் சார்லட் நகரத்தில் பதிவு முடிந்தது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஆல்பம் 36-ஆம் இடத்தோடு நின்றது. ஆனால் ரோலிங் ஸ்டோன் இதழ் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது, மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' களத்தில் இருந்த வருடத்தில்!

அடுத்த நான்கு ஆண்டுகளை வேகமாகவே கடக்கலாம், அவர்களும் அப்படித்தான் கடந்தார்கள்: ஆண்டுக்கு ஓர் ஆல்பம், நடுவில் எல்லாம் வேனில் ஊர் ஊராகக் கச்சேரி. 1984 'ரெக்கனிங்' துள்ளலானது, சட்டென்று பிடித்துவிடும். 1985 'ஃபேபிள்ஸ் ஆஃப் தி ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்' லண்டன் குளிரில் தயாரிப்பாளர் ஜோ பாய்டை வைத்து எடுத்தது, அமெரிக்கத் தெற்கின் ரயில்களும் விசித்திர மனிதர்களும் நிறைந்தது. அங்கே நால்வருக்கும் மனநிலை சரியில்லை, அது ஆல்பத்திலும் கேட்கும். இதைக் கடைசிக்கு ஒத்திவைத்தாலும் தப்பில்லை.

1986-இன் 'லைஃப்ஸ் ரிச் பேஜன்ட்' ஆல்பத்தில் மட்டும் நின்று போங்கள். தயாரிப்பாளர் டான் கேமன், ஸ்டைப்பை வாயைத் திறந்து தெளிவாகப் பாடவைத்தார். அதில் 'ஃபால் ஆன் மீ' பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். மொத்தம் மூன்று நிமிடத்துக்குக் கீழேதான். ஸ்டைப் ஒரு மெட்டில் போகிறார், கோரஸ் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) வந்ததும் மில்ஸ் அவரோடு சேர்ந்து பாடாமல் முற்றிலும் வேறு வரிகளை வேறு மெட்டில் குறுக்கே பாடுகிறார், அடியில் பெர்ரியின் தாழ்ந்த குரலும் ஓடுகிறது. பாட்டின் நடுப்பகுதியில் ஸ்டைப் விலகிக்கொள்ள, மில்ஸ் முன்னால் வந்துவிடுகிறார். மூன்று குரலையும் தனித்தனியாகப் பின்தொடர முடிந்துவிட்டால் இந்தக் குழு உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

1987 'டாக்குமென்ட்' ஆல்பத்தில் ஸ்காட் லிட் தயாரிப்பாளராக வருகிறார், அடுத்தடுத்து ஆறு ஆல்பங்களுக்கு அவர்தான். 'தி ஒன் ஐ லவ்' அமெரிக்கப் பட்டியலில் முதல் பத்துக்குள் நுழைந்தது. தலைப்பை நம்பி யாருக்கும் காதல் பரிசாக அனுப்பிவிடாதீர்கள், ஒருவரைப் பொழுதுபோக்குப் பொருளாகப் பயன்படுத்திவிட்டு அடுத்தவரிடம் போகும் ஆளின் பாட்டு அது. அமெரிக்காவிலேயே வானொலியில் காதலர்களுக்காக இதைக் கேட்டு வாங்கியவர்கள் ஏராளம்.

பிறகு பெரிய நிறுவனம். வார்னர் பிரதர்ஸுக்கு மாறி, 1988 நவம்பர் 8 அன்று, அதாவது அதிபர் தேர்தல் நாளிலேயே, 'கிரீன்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதற்கான நெடும் பயணத்தில் களைத்துப்போய், அடுத்த இரண்டு ஆல்பங்களுக்குக் கச்சேரிப் பயணமே போகவில்லை. அந்த இரண்டும்தான் அதிகம் விற்றவை, வேடிக்கைதான்.

இப்போது 1991-இன் 'அவுட் ஆஃப் டைம்' ஆல்பத்துக்கும் அந்த மாண்டலினுக்கும் வரலாம். வழக்கமான வாத்தியங்கள் சலித்துப்போய் அவர்கள் ஆளுக்காள் மாற்றி வாசித்துக்கொண்டிருந்த நேரம். பக் புதிதாக மாண்டலின் வாங்கி, தொலைக்காட்சி பார்த்தபடியே டேப் ரிக்கார்டரை ஓடவிட்டுப் பழகினார், மறுநாள் போட்டுக் கேட்டபோது கற்றுக்குட்டி வாசிப்புக்கு நடுவே அந்த மெட்டு இருந்தது. பாட்டில் வழக்கமான கோரஸ் கிடையாது. மதத்துக்கும் சம்பந்தமில்லை: அமெரிக்கத் தெற்கில் அந்தச் சொற்றொடருக்கு, பொறுமையின் எல்லைக்கே வந்துவிடுவது என்று பொருள். ஒருதலைக் காதலில் அதிகம் சொல்லிவிட்டோமோ, போதவில்லையோ என்று தவிக்கும் ஆளின் பாட்டு. பஞ்சாபில் பிறந்த தர்சேம் சிங் இயக்கிய காணொளியும் சேர்ந்துகொள்ள, அமெரிக்காவில் 4-ஆம் இடம் வரை போனது. அதே ஆல்பத்தின் 'ஷைனி ஹேப்பி பீப்பிள்' தான் முன்பு நான் சொன்ன கும்மாளம். தைரியமாகத் தாண்டிப் போங்கள், 2003-இல் வந்த தங்கள் சொந்த ஹிட் தொகுப்பிலேயே அவர்கள் அதைச் சேர்க்கவில்லை.

1994 'மான்ஸ்டர்' வேண்டுமென்றே இரைச்சலானது. ஐந்து வருட அமைதிக்குப் பிறகு மேடைக்குத் திரும்பும் உற்சாகத்தில் எடுத்தது. முழு ஆல்பமாக எனக்கு ஒட்டவில்லை, ஆனால் நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்ததை ஒட்டி எழுதிய 'லெட் மீ இன்' பாட்டை மட்டும் விடாதீர்கள். அதற்கான 1995 பயணம் மருத்துவமனைப் பயணமாகவே ஆகிவிட்டது. மார்ச் 1 அன்று ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் பெர்ரிக்கு மேடையிலேயே மூளை ரத்தக்குழாய்ப் பாதிப்பு, ஜூலையில் மில்ஸுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை, ஆகஸ்டில் ஸ்டைப்புக்குக் குடலிறக்கச் சிகிச்சை. பெர்ரி தேறி வந்து மறுபடி வாசித்தார்.

அந்தப் பயணத்தின் நடுவே, கச்சேரிக்கு முந்தைய ஒலிச் சோதனைகளிலும் மேடையிலுமே பெரும்பகுதி பதிவானதுதான் 1996-இன் 'நியூ அட்வென்சர்ஸ் இன் ஹை-ஃபை'. என்னைக் கேட்டால் இதுதான் அவர்களுடைய உச்சம், 'ஆட்டோமேட்டிக்' ரசிகர்கள் சண்டைக்கு வரட்டும். அகலமான, தூசி படிந்த, நெடுஞ்சாலை வாசம் அடிக்கும் ஆல்பம். 'ஈ-போ தி லெட்டர்' பாட்டில், ஸ்டைப் பதின்பருவத்தில் கேட்டு மிரண்டுபோன பாடகி பேட்டி ஸ்மித்தே வந்து பாடுகிறார். நீளம் ஒரு மணி நேரத்துக்கு மேல், அதனால் இரண்டு தவணையாகக் கேட்டாலும் பரவாயில்லை, ஆனால் ஷஃபிள் வேண்டாம். நால்வரும் சேர்ந்த கடைசி ஆல்பம் இது. அந்த ஆண்டுதான் வார்னருடன் 8 கோடி டாலர் என்று பேசப்பட்ட புதுப்பிக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். 1997 அக்டோபரில் பெர்ரி விலகினார். நான் போனால் குழு உடைந்துவிடும் என்றால் போகமாட்டேன் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனார், போய் விவசாயத்தில் இறங்கினார்.

இதற்குப் பிறகு வரும் ஐந்து ஆல்பங்களையும் கட்டாயமாகக் கேட்க வேண்டியதில்லை. 1998 'அப்' கேளுங்கள், டிரம்மர் இல்லாத இடத்தை மறைக்காமல் டிரம் மெஷின்களையும் கீபோர்டுகளையும் வைத்துத் தடவித் தடவி நடக்கும் ஆல்பம், 'டேஸ்லீப்பர்' பாட்டின் இரவுப் பணிக்காரர் மனதில் தங்குவார். 2001 'ரிவீல்' ஆல்பத்தில் 'இமிடேஷன் ஆஃப் லைஃப்' போதும். 2004 'அரவுண்ட் தி சன்' வேண்டாம், அதில் குழுவுக்கே திருப்தி இல்லை. அந்த எரிச்சலில் டப்ளினில் ஐந்து இரவுகள் ரசிகர்கள் முன்னாலேயே புதுப் பாடல்களை ஒத்திகை பார்த்து, 2008-இல் 35 நிமிடத்துக்குள் முடியும் 'ஆக்ஸிலரேட்' கொடுத்தார்கள். அது நல்ல சூடான ஆல்பம். 2011 'கொலாப்ஸ் இன்டு நவ்' வந்த அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று, சண்டை சச்சரவு ஏதுமின்றி, முடித்துக்கொள்கிறோம் என்று அறிவித்துவிட்டார்கள்.

மீண்டும் சேரச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டும் அசையாதவர்கள், 2024 ஜூன் 13 அன்று நியூயார்க்கில் பாடலாசிரியர்களுக்கான கௌரவப் பட்டியலில் இடம் கிடைத்தபோது நால்வருமாக ஒரே ஒரு பாட்டு வாசித்தார்கள். எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டுமா? இவ்வளவும் கேட்டு முடித்த பிறகு அந்த 1991 பதிவை ஒருமுறை திரும்பப் போடுங்கள், ஆனால் இந்தத் தடவை மாண்டலினை அதன் போக்கில் விட்டுவிட்டு, கீழே நடக்கும் மில்ஸின் பாஸை முதலிலிருந்து கடைசி வரை பிடித்துக்கொண்டே போங்கள்.