14-ஆம் நாள் எல்லோருக்கும் பொதுவன்று

செவிலியர் மாணவியருக்குப் பெண் இனப்பெருக்க உறுப்புகளின் பாடத்தை நடத்துகையில், நாங்கள் படித்த காலத்துப் பிழைகளே இன்றைய விடைத்தாள்களிலும் தொடர்வதைக் காண்கிறேன். உறுப்பின் பெயரை மாற்றி எழுதுவது படித்தால் சரியாகிவிடும். நோயாளியைப் பாதிக்கும் பிழைகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கருமுட்டை 14-ஆம் நாளில் வெளியாகும் என்று எல்லோருக்கும் சொல்வது

மாதவிடாய் தொடங்கும் நாளிலிருந்து எண்ணும் இக்கணக்கு 28 நாள் மாதவிடாய்ச் சுழற்சிக்கே ஓரளவு பொருந்தும். கருமுட்டை வெளியேறிய ஃபாலிக்கிள், அதாவது சூலகத்தில் அம்முட்டையை வளர்த்த சிறு பை, கார்பஸ் லூட்டியம் என்ற தற்காலிகச் சுரப்பியாக மாறி, கருப்பையைக் கருவுக்குத் தயாராக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கிறது. கரு தங்காவிட்டால் அது ஏறத்தாழ இரண்டு வாரங்களில் நலிந்து, ஹார்மோன் அளவு சரிந்து, உதிரப்போக்கு தொடங்குகிறது. இப்பின்பாதி பெரிதாக மாறாது. சுழற்சி நீண்டால் பெரும்பாலும் ஃபாலிக்கிள் வளரும் முன்பாதிதான் நீண்டிருக்கும். ஆகவே 35 நாள் சுழற்சியில் கருமுட்டை ஏறத்தாழ 21-ஆம் நாளில் வெளியாகும். அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்பதை ஜப்பான் மருத்துவர் ஓகினோவும் ஆஸ்திரிய மருத்துவர் க்னாவுஸும் 1920-களிலேயே காட்டிவிட்டனர்.

குழந்தைக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணின் மருத்துவப் பதிவேட்டை என்னால் மறக்க முடியவில்லை. 21-ஆம் நாளில் ரத்தம் எடுத்து, புரோஜெஸ்டிரோன் குறைவு என்று கண்டு, "முட்டை வெடிக்கவில்லை" எனச் சொல்லி மாத்திரை தொடங்கியிருந்தனர். அவர் கைப்பையில் இருந்த சிறு நாட்காட்டியிலோ 34, 35, 36 நாள் இடைவெளிகள் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தன; அதை எவரும் கேட்டுப் பார்க்கவில்லை. மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு எடுக்க வேண்டிய பரிசோதனை அது. அவருக்கு 28-ஆம் நாள். மாத்திரையை நிறுத்திய பின்னர் அந்நாளில் எடுத்தபோது அளவு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமைத் தாண்டி, கருமுட்டை வெளியானதை உறுதிப்படுத்தியது. "உனக்குத்தான் குறை" என்று அதற்குள் வீட்டில் கேட்க நேர்ந்த சொற்களை யார் திரும்பப் பெறுவது? சுழற்சியின் நீளத்தைக் கேட்காமல் பரிசோதனை நாளைக் குறிப்பவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

ஈஸ்ட்ரோஜன் எப்போதும் எல்.எச். சுரப்பை அடக்கும் என்று எழுதுவது

எல்.எச். என்பது கருமுட்டையை வெளியேறச் செய்யும் பிட்யூட்டரிச் சுரப்பியின் ஹார்மோன். ஈஸ்ட்ரோஜன் குறைந்த அளவில் அதை அடக்கும். முதிர்ந்த ஃபாலிக்கிள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் உயர்ந்த அளவில் இரண்டு நாள் அளவுக்கு நீடித்தால் அதுவே எல்.எச். எழுச்சியைத் தூண்டும், எழுச்சி தொடங்கி ஏறத்தாழ 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளியாகும்.

கருவுறுதல் கருப்பையில் நிகழ்வதாகச் சொல்வது

அது நிகழ்வது கருக்குழாயின் ஆம்புல்லா எனும் அகன்ற பகுதியில்.

கருத்தடை மாத்திரையின் இடைவெளியில் வரும் உதிரப்போக்கை மாதவிடாயாகக் குறிப்பது

அது மாத்திரை தரும் ஹார்மோன் அந்நாள்களில் நின்றதால் வருவது. கருமுட்டை வெளியானதற்கான சான்றன்று. கடைசி மாதவிடாய்த் தேதியை எழுதும் முன் மாத்திரை உண்டா என்று கேளுங்கள்.