கொழும்பில் ஃபிளைட் மாறுறீங்களா? ஒரு பகல் போதும்

கீழக்கரையிலிருந்து வளைகுடாவுக்குச் சபர் போறவங்களில் நிறையப் பேர் மதுரையில் ஏறி கொழும்பில் ஃபிளைட் மாறுறோம். மதுரையில் ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள கொழும்பு ஏர்போர்ட்டான கட்டுநாயக்கா வந்துடும். அடுத்த ஃபிளைட் பல நேரம் ராத்திரிக்குத்தான். அதுவரைக்கும் சார்ஜர் பாயின்ட் பக்கத்தில் சுருண்டு கிடக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கேட்கிறதில்லை. முதல் அஞ்சு வருஷம் நானும் அப்படித்தான் கிடந்தேன். நம்ம பாட்டன்மார் கடை போட்டு வாழ்ந்த ஊர் 32 கிலோமீட்டர் தூரத்தில் இருக்க, கண்ணாடி வழியா ஓடுபாதையைப் பார்த்துட்டே உட்கார்ந்திருந்திருக்கேன்.

முதல்ல கணக்கு. இடைவெளி எட்டு மணி நேரத்துக்குக் குறைவா இருந்தா வெளியே போகாதீங்க. பத்து மணி நேரம்னா தாராளம். இலங்கை நேரமும் நம்ம நேரமும் ஒண்ணுதான், வாட்ச்சைத் திருப்ப வேண்டியதில்லை. வெளியே வர இ.டி.ஏ-ன்னு சொல்ற ஆன்லைன் பயண அனுமதி வேணும். அதை வீட்டிலேயே இலங்கை அரசோட சொந்த இணையதளத்தில் போட்டுடுங்க. அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் காசு வாங்கிற தளங்களும் இருக்கு, முகவரியை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க. டிரான்சிட்டுக்குத் தனி வகை உண்டு.

ரெண்டாவது, லக்கேஜ். மதுரை கவுன்ட்டரிலேயே "பெட்டி கடைசி ஊர் வரைக்கும் போகுமா?"ன்னு கேட்டு, டேக்கில் போட்டிருக்கிற ஊரைக் கண்ணால் பாருங்க. ஒரு தடவை நான் பார்க்காம விட்டேன். உம்மா கட்டிக்கொடுத்த கருவாடும் ஊறுகாயும் இருந்த 30 கிலோ பெட்டி கொழும்பிலேயே இறங்கிடுச்சு. அன்னிக்குப் பகல் முழுக்க அதுக்குக் காவல் இருந்ததுதான் மிச்சம்.

வெளியே வந்ததும் கொஞ்சமா காசு மாத்திக்குங்க. தனி ஆளா இருந்தா 187 நம்பர் பஸ் கொழும்பு நகர மையமான கோட்டை வரைக்கும் போகும். மூணு நாலு பேர் சேர்ந்தா டாக்ஸியே நல்லது. "எக்ஸ்பிரஸ்வேயில் போங்க"ன்னு சொல்லிடுங்க. 2013-இல் திறந்த ரோடு அது, பழைய நீர்கொழும்பு ரோட்டு நெரிசல் அதில் இல்லை. ஊருக்குள்ள சுத்த த்ரீவீலர் போதும். மீட்டர் போடச் சொல்லுங்க, இல்லைன்னா பிக்மீ ஆப்பில் கூப்பிடுங்க.

சட்டப்படி தலைநகர் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே. நாடாளுமன்றம் 1982-இல் அங்கே போயிடுச்சு. ஒரு பகல் மட்டும் கையில் இருக்கிறவங்க அதைத் தேடிப் போக வேண்டாம், நேரா புறக்கோட்டையில் இறங்குங்க.

புறக்கோட்டைன்னா குறுக்குத் தெருக்கள்தான். முதலாம் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெருன்னு வரிசையா போகும். துணி, மசாலா, பாத்திரம், எலக்ட்ரிக் சாமான், நடுவுல தலைச்சுமையோட ஓடுற நாட்டாமைமார், அங்கே சுமை தூக்கிறவங்களுக்கு அதுதான் பேர். எந்தக் கடையிலும் தமிழில் பேசலாம். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமா கோடு போட்ட மாதிரி நிக்கிறதுதான் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல், ஊர்ல எல்லாரும் சிவப்புப் பள்ளின்னுதான் சொல்வாங்க. 1908-இல் கட்ட ஆரம்பிச்சு அடுத்த வருஷம் முடிச்சது. இந்திய முஸ்லிம் வியாபாரிகள் முன்னாடி நின்னு கட்டினது. காலையில் இறங்கினவங்களுக்கு லுஹர் ஜமாஅத், அதாவது மதியக் கூட்டுத் தொழுகை, சரியா வாய்க்கும். மத்த மதத்தவங்களும் தொழுகை இல்லாத நேரத்தில் அடக்கமான உடையோட போய்ப் பார்க்கலாம். ஞாயித்துக்கிழமையும் போயா நாளான பௌர்ணமியும் கடைகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும், அதைப் பார்த்து டிக்கெட் போடுங்க.

பக்கத்திலேயே செட்டியார் தெரு. நகைக்கடைகளும் கதிரேசன் கோயில்களும் அங்கே இருக்கு. இன்னும் கொஞ்சம் தள்ளினா கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், முழுக்கக் கருங்கல். நேரம் இருந்தா போங்க. சாப்பாட்டுக்குத் தேட வேண்டியதில்லை, தெருவுக்கு ஒரு கொத்து ரொட்டிக் கடை உண்டு. முடிவில் ஒரு பிளேன்டீ கேட்டு வாங்குங்க. வட்டிலப்பம், தொதல்னு இனிப்பு கண்ணில் பட்டா ஒரு வாய் போட்டுப் பாருங்க. நம்ம ஊர்த் தொதலுக்கும் அதுக்கும் என்ன உறவுன்னு நாக்கே சொல்லிடும்.

ரெண்டு மணிக்கு மேல கறுவாத்தோட்டத்தில் இருக்கிற தேசிய நூதனசாலை, அதாவது மியூசியம். இதை மட்டும் விட்டுடாதீங்க, உங்ககிட்ட ஒரே ஒரு மணி நேரம் இருந்தாலும் இங்கேதான் செலவு பண்ணணும்னு சொல்வேன். 1877 ஜனவரி 1-ஆம் தேதி திறந்த வெள்ளைக் கட்டடம். கட்டினவர் பேர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். என்ன பரிசு வேணும்னு கவர்னர் கேட்டப்ப, வெள்ளிக்கிழமை இதை மூடி வைக்கணும்னு மட்டும் அவர் கேட்டாராம், அப்படி ஒரு பேச்சு உண்டு. மரைக்காயர் தெருவில் பிறந்த எனக்கு அந்த வாசற்படியை மிதிக்கும்போதே உடம்பு சிலிர்க்கும்.

உள்ளே கண்டி ராசாவோட சிம்மாசனமும் கிரீடமும் இருக்கு, கூட்டம் அங்கேதான் நிக்கும். நீங்க காலிக் கல்வெட்டு எங்கேன்னு கேளுங்க. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 1409-ஆம் வருஷத் தேதி போட்டுக் கொண்டு வந்து வச்ச கல். 1911-இல் காலி ஊரில் கண்டெடுத்தாங்க. ஒரே கல்லில் மூணு மொழி: சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு, தமிழில் தெனவரை நாயனார்ங்கிற சாமிக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய்னு மூணு மொழியிலும் காணிக்கைப் பட்டியல். சிங்களத் தீவுக்கு வந்த சீனக்காரர் எதுக்குத் தமிழில் எழுதணும்? இந்தக் கடலில் அன்னிக்கு வியாபாரம் பண்ணினவங்க படிக்கிற மொழியில் எழுதினார், அவ்வளவுதான். முதல் தடவை அது முன்னாடி நின்னப்ப கால் மணி நேரம் நான் நகரலை. எழுத்து தேஞ்சிருக்கும், பக்கவாட்டில் வெளிச்சம் விழுகிற இடத்தில் நின்னு பாருங்க.

நாலு மணிக்குக் காலிமுகத்திடல். கவர்னர் ஹென்றி வார்டு 1859-இல் அமைச்ச கடலோரத் திடல். பட்டம் விடுற பிள்ளைகள், காத்து, இஸ்ஸோ வடை. இஸ்ஸோன்னா சிங்களத்தில் இறால். அரை மணி நேரம் போதும். சூரியன் மறையட்டும்னு காத்திருந்தா சாயங்கால டிராஃபிக்கில் மாட்டிக்குவீங்க. ராத்திரி 9 மணி ஃபிளைட்டுன்னா 4:30-க்கு வண்டியில் இருக்கணும், 6 மணிக்கு ஏர்போர்ட்டுக்குள்ள.

இன்னொண்ணு, கிளம்புறதுக்கு முன்னாடியே செய்ய வேண்டியது. வீட்டுப் பெரியவங்ககிட்ட, "கொழும்பில் நம்ம ஆளுங்க எந்தத் தெருவில் இருந்தாங்க?"ன்னு கேட்டு எழுதி வச்சுக்குங்க. 1914-இலிருந்து 1964 புயல் வரைக்கும் தனுஷ்கோடியில் கப்பல் ஏறினா தலைமன்னார், அங்கேயிருந்து ரயிலில் கொழும்பு. மண்டபம் கேம்ப்பில் தடுப்பூசி போட்டுக் காத்திருந்த கதை நம்ம கரையோரத்தில் எத்தனையோ வீட்டில் இருக்கும். என் உம்மா சொன்னது மூன்றாம் குறுக்குத் தெரு. அவங்க வாப்பாவுக்கு அங்கே ஜவுளிக்கடை. போன தடவை அந்தத் தெருவோட ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் வீடியோ எடுத்து அனுப்பினேன். ஏர்போர்ட்டில் பெல்ட்டைக் கழட்டிட்டு நிக்கும்போது பதில் வந்துச்சு: "இடது பக்கம் மெதுவாக் காட்டியிருக்கலாம்ல, வாப்பா. திரும்பி வரும்போது எடுத்துட்டு வா."