கையால் பார்த்துச் சொல்லும் ஸ்டேஜை எவ்வளவு நம்பலாம், என்ன கேட்க வேண்டும்

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஊரில் ஸ்டேஜ் 1பி (புற்று கருப்பை வாயோடு நிற்கிறது) என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள், மதுரைக்குப் போனால் 2பி என்பார்கள். உடனே மண்டபம், கீழக்கரை பக்கத்துக் குடும்பங்களில் யாரோ ஒரு டாக்டர் தப்பு என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள்.

சிக்கல் இருப்பது கருப்பை வாய்க்கு இரு பக்கமும் உள்ள திசுவில். ஆசனவாய் வழியாக விரல் விட்டு அது மெத்தென்று இருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இறுக்கம் புற்றால் வந்ததா, பழைய தொற்றால் வந்ததா என்று விரலுக்குத் தெரியாது. வலியில் வயிற்றை இறுக்கிக்கொண்டால் இன்னும் கஷ்டம். ஆனால் அங்கே பரவியிருந்தால் 2பி, அதாவது பெரும்பாலும் ஆபரேஷன் கிடையாது, கதிர்வீச்சும் கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ ஊசியும்தான். அதனால் இந்த ஒரு இடத்தில் மட்டும் விடாமல் கேளுங்கள்.

ஆபரேஷன் செய்யும் டாக்டரும் கதிர்வீச்சு டாக்டரும் சேர்ந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். வலி தாங்காதவர்களுக்கு மயக்கம் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு, கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பரிசோதனைக்கு முன் சிறுநீர், மலம் கழித்துவிட்டுப் போங்கள். கட்டி எத்தனை சென்டிமீட்டர் (2, 4 இரண்டும் ஸ்டேஜின் உட்பிரிவு மாறும் எல்லைக்கோடுகள்), எந்தப் பக்கம் இறுகியிருக்கிறது, இடுப்புச் சுவர் வரை போயிருக்கிறதா என்பதையெல்லாம் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் '2பி' என்று மட்டும் எழுதியிருந்தால் அடுத்த டாக்டருக்கு அதை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

அப்புறம் எம்ஆர்ஐ. 2018க்குப் பிறகு ஃபிகோ (உலக மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவர்கள் கூட்டமைப்பு) முறையில் ஸ்கேனையும் பயாப்சியையும் (சதை எடுத்துச் செய்யும் சோதனை) சேர்த்தே ஸ்டேஜ் போடலாம். ஸ்கேனில் நிணநீர் முடிச்சுக்குப் பரவியது தெரிந்தால் 1பி ஒரே நாளில் 3சி ஆகிவிடும். நோய் ராத்திரியோடு ராத்திரியாகப் பரவிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. கட்டி சிறுநீர்க் குழாயை அடைத்து சிறுநீரகம் வீங்கியிருந்தாலும் 3பிதான். இதை சாதாரண வயிற்று ஸ்கேனிலேயே பார்க்கலாம், விட்டுவிடாதீர்கள். எல்லாம் பார்த்த பிறகும் சந்தேகம் என்றால் குறைந்த ஸ்டேஜைப் போடுவதுதான் விதி.

இரண்டாவது கருத்து கேளுங்கள், சரி. நாலாவது, ஐந்தாவது என்று மாதக்கணக்கில் அலைய வேண்டாம். போகும்போது ரிப்போர்ட்டோடு பயாப்சி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் (எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்த கட்டி) கேட்டு வாங்கிக்கொண்டு போனால், பெரும்பாலும் மறுபடி சதை எடுக்க வேண்டியிருக்காது.