ஏடபிள்யூஎஸ் அனுமதிகள்: கொடுக்கும்போதே திருப்பி வாங்க வழி வையுங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து தரும் சின்ன நிறுவனம் எங்களுடையது. அலுவலகம் பீளமேட்டில். சர்வர், டேட்டாபேஸ், இன்வாய்ஸ் பிடிஎஃப் எல்லாம் அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில், அதன் மும்பை ரீஜனில் (அந்த வட்டார டேட்டா சென்டர்களில்). அந்த ஏடபிள்யூஎஸ் கணக்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யாருக்கு எந்த அனுமதி கொடுப்பதானாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: இந்த ஆள் வெள்ளிக்கிழமை வேலையை விட்டால், ஒரே இடத்தில் இதை நிறுத்த முடியுமா? முடியாது என்றால் கொடுக்கிற முறையே தப்பு.

முதலில் ரூட்

கணக்கு தொடங்கும்போது கொடுத்த மெயில் ஐடிதான் ரூட் யூசர், அதாவது கணக்கில் எல்லா அதிகாரமும் உள்ள பயனர். சின்ன கம்பெனிகளில் அது பெரும்பாலும் ஆரம்ப காலத்தில் இருந்த யாரோ ஒரு டெவலப்பரின் சொந்த மெயிலாக இருக்கும். இன்றைக்கே மாற்றிவிடுங்கள். கம்பெனி டொமைனில், குறைந்தது இரண்டு பேருக்குப் போய்ச் சேரும் ஒரு பொது மெயில் போதும். கணக்கில் இருக்கும் ஃபோன் நம்பரும் கம்பெனியுடையதாக இருக்கட்டும்.

அப்புறம் எம்எஃப்ஏ, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு கருவியாலும் ஆளை உறுதிசெய்வது. ரூட்டுக்கு 8 கருவிகள் வரை பதியலாம், ஆனால் பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஃபோன் தொலைந்தால் தெரியும் சங்கதி. எங்களிடம் முதலாளியின் ஃபோனில் ஒரு பாஸ்கீ, பீரோவில் பூட்டிய ஹார்ட்வேர் கீ ஒன்று. ரூட்டின் பெயரில் அக்சஸ் கீ (நிரல்கள் உள்ளே நுழையப் பயன்படுத்தும் சாவி) ஏதாவது இருந்தால், எது எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்து, மாற்று ஏற்பாடு செய்துவிட்டு அழியுங்கள். ரூட்டுக்குக் கீ வைத்திருக்க ஒரு காரணமும் கிடையாது.

இதற்குப் பிறகு ரூட்டாக உள்ளே போகும் வேலை அபூர்வம். கணக்கை மூடுவது, ரூட்டின் மெயிலை மாற்றுவது, அப்புறம் பலரைத் திணறடிக்கும் இன்னொன்று: பில்லிங் பக்கம். அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்காவுக்கு பில்லிங் பாலிசி (யார் எதைச் செய்யலாம் என்று எழுதும் விதி) எல்லாம் சரியாகப் போட்டிருப்பீர்கள், ஆனாலும் பக்கம் திறக்காது. ரூட்டாக நுழைந்து, கணக்கு அமைப்புகளில் பில்லிங் தகவலுக்கான ஐஏஎம் (ஆட்களையும் அனுமதிகளையும் நிர்வகிக்கும் பகுதி) அக்சஸை ஒருமுறை இயக்கிவிட வேண்டும். அதன் பிறகுதான் நீங்கள் போட்ட பாலிசிக்கு உயிர் வரும்.

ஆட்களுக்கு ஐடென்டிட்டி சென்டர்

பழைய பழக்கத்தில் ஆளுக்கொரு ஐஏஎம் யூசர், ஒரு பாஸ்வேர்ட், ஒரு ஜோடி அக்சஸ் கீ என்று கொடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். பாஸ்வேர்டை எடுத்தாலும் கீ வேலை செய்துகொண்டே இருக்கும். இரண்டும் தனித்தனி. வேலையை விட்டுப் போனவரின் லேப்டாப்பில் எத்தனை இடத்தில் அந்தக் கீ கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இதற்குப் பதிலாக ஐஏஎம் ஐடென்டிட்டி சென்டர்: எல்லா ஆட்களையும் ஒரே இடத்தில் சேர்க்கவும் நீக்கவும் ஒரு வசதி. 2022 வரை இதன் பெயர் ஏடபிள்யூஎஸ் எஸ்எஸ்ஓ. இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் கணக்குகளுக்கு அனுமதி கொடுக்கும் முழு வசதியும் வேண்டுமானால், பல கணக்குகளை ஒன்றின்கீழ் கட்டும் ஆர்கனைசேஷன்ஸ் இயக்கத்தில் இருக்க வேண்டும். இங்கே அவசரப்படாதீர்கள். இருக்கும் கணக்கிலேயே ஆர்கனைசேஷன்ஸை இயக்கினால் அதுவே மேனேஜ்மென்ட் கணக்காகிவிடும், மேலிருந்து போடும் கட்டுப்பாட்டு பாலிசிகள் எதுவும் அந்தக் கணக்கைத் தொடாது. புதிதாக ஒரு காலிக் கணக்கு தொடங்கி, அதை மேனேஜ்மென்ட் ஆக்கி, வேலை நடக்கும் பழைய கணக்கை அதற்குக் கீழே அழைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பேக்கப்புக்கு மட்டும் மூன்றாவது கணக்கு. 2014-இல் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் ஏடபிள்யூஎஸ் கன்சோலுக்குள் யாரோ புகுந்து பணம் கேட்டு மிரட்டி, கடைசியில் சர்வர்களோடு பேக்கப்புகளையும் அழித்துவிட்டுப் போனார்கள். நிறுவனம் அதோடு மூடப்பட்டது.

ஐடென்டிட்டி சென்டரில் குழுக்களை உண்டாக்கி, ஆட்களைக் குழுவில் போட்டு, குழுவுக்கு பெர்மிஷன் செட் (அனுமதிகளின் தொகுப்பு) கொடுங்கள். ஆளுக்கு நேரடியாக எதுவும் கொடுக்காதீர்கள். எங்களுக்கு மூன்று குழுக்களே போதுமாக இருக்கிறது: டெவலப்பர், அக்கவுண்ட்ஸ், அட்மின். டெவலப்பர்கள் காலையில் கமாண்ட் லைனிலேயே எஸ்எஸ்ஓ லாகின் செய்துகொள்கிறார்கள். கையில் கிடைப்பது சில மணி நேரத்தில் காலாவதியாகும் தற்காலிகச் சான்று. அந்த நேரம் 1 மணியிலிருந்து 12 மணி வரை நம் விருப்பம். நான் டெவலப்பர்களுக்கு 4 மணி வைத்திருக்கிறேன். முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒருவரை முடக்கினாலும், ஏற்கெனவே வாங்கிய சான்று அந்த நேரம் முடியும் வரை வேலை செய்யக்கூடும். 12 மணி வைத்தால் அரை நாள் திறந்த கதவு.

இயந்திரங்களுக்கு ரோல்

சர்வரில் ஓடும் நிரலுக்குக் கீயைக் கொடுக்காதீர்கள், ரோலைக் கொடுங்கள். ரோல் வாட்ச்மேன் யூனிஃபார்ம் மாதிரி. அதை யார் போடலாம் என்று ஒரு பாலிசி, போட்டவர் என்ன செய்யலாம் என்று இன்னொரு பாலிசி. ஈசி2 எனும் வாடகை சர்வரோ, சின்ன நிரல்களை ஓட்டும் லாம்டாவோ ரோலை அணிந்தால், சான்றுகள் தாமாகவே வந்து தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். கான்ஃபிக் ஃபைலில் எழுதிவைக்க ஒன்றும் இருக்காது.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் இருந்து டெப்ளாய் செய்கிறவர்களும் (நிரலைத் தானாகவே சர்வருக்கு ஏற்றுகிறவர்கள்) கீ இல்லாமல் ஓஐடிசி என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை வழியாக ரோல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ரோலின் நம்பிக்கைப் பாலிசியில் (யார் போடலாம் என்று சொல்லும் பாலிசி) எந்த ரெப்போ (நிரல் களஞ்சியம்), அதில் எந்தப் பிராஞ்ச் (கிளை) என்ற நிபந்தனையைக் குறிப்பாக எழுதுங்கள். அந்த இடத்தில் ரெப்போவின் முழுப் பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டு விட்டால், ஊரில் உள்ள மற்ற ரெப்போக்களும் உங்கள் ரோலைப் போட்டுக்கொள்ளலாம்.

ரோல் என்றாலே பாதுகாப்பு என்று நினைக்கவும் வேண்டாம். 2019-இல் வெளியே வந்த கேப்பிட்டல் ஒன் வங்கி விவகாரத்தில், அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 கோடிப் பேரின் தகவல் போனது ஒரு ரோலின் சான்றுகள் வழியாகத்தான். அந்த ரோலுக்கு எஸ்3 பக்கெட்டுகளை (ஏடபிள்யூஎஸ்ஸில் ஃபைல்களைச் சேமிக்கும் இடங்கள்) பட்டியலிடவும் படிக்கவும் அனுமதி இருந்தது.

எங்கேயாவது பழைய கீயை மாற்றியே ஆக வேண்டும் என்றால்: ஒரு யூசருக்கு இரண்டு கீ வரை அனுமதி உண்டு, அது இதற்காகத்தான். புதுக் கீயைப் போட்டு, பழையதை உடனே அழிக்காமல் செயலிழக்க மட்டும் செய்யுங்கள். ஒரு மாதக் கணக்கு முடிக்கும் வேலை, ஒரு பேக்கப் எல்லாம் ஓடி முடியட்டும். யாரும் கத்தவில்லை என்றால் அழித்துவிடலாம்.

"அட்மின் போட்டு விடுங்கக்கா"

அனுமதி விரிந்துகொண்டே போவது எப்போதும் இந்த ஒரு வரியில்தான். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அக்கா, பிடிஎஃப் பக்கெட் ஓப்பன் ஆகல, அட்மின் போட்டு விடுங்க, அப்புறம் குறைச்சுக்கலாம்." அப்புறம் யாரும் குறைப்பதில்லை. "எர்ரர்ல என்ன வருதுன்னு முழுசா அனுப்பு தம்பி" என்றேன்.

அந்த எர்ரரை வாசிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. யார், எந்தச் செயல், எந்தப் பொருள் என்று மூன்றும் அதில் வரிசையாக இருக்கும். பல நேரம் காரணமும் கடைசியில் இருக்கும்: அனுமதிக்கும் பாலிசி எதுவும் இல்லை என்பது ஒரு வகை, எங்கோ வெளிப்படையாக மறுக்கப்பட்டிருக்கிறது என்பது இன்னொரு வகை. முதல் வகைக்கு அனுமதி சேர்த்தால் சரியாகும். இரண்டாவதற்கு எத்தனை அனுமதி சேர்த்தாலும் பலிக்காது, ஏனென்றால் ஓர் இடத்தில் டினை (மறுப்பு) இருந்தால் எல்லா அலோவையும் (அனுமதி) அது வென்றுவிடும். அந்த டினை எங்கே என்று தேட வேண்டும்: பக்கெட்டின் சொந்தப் பாலிசியா, ஆர்கனைசேஷன் பாலிசியா என்று.

தம்பி கேட்டது முதல் வகை. ஃபைல்களைப் பட்டியலிட அனுமதி இல்லை என்று வந்தது. பாலிசியில் அந்தச் செயலின் பெயர் இருக்கவே செய்தது, ஆனால் பொருள் என்ற இடத்தில் பக்கெட் முகவரியோடு சாய்கோடும் நட்சத்திரமும் சேர்ந்திருந்தது. அப்படி எழுதினால் பக்கெட்டுக்குள் இருக்கும் ஃபைல்களை மட்டும்தான் குறிக்கும். பட்டியலிடுவது பக்கெட்டின் மேல் நடக்கும் செயல், அதற்குச் சாய்கோடு இல்லாத வெறும் பக்கெட் முகவரி வேண்டும். ஃபைலைப் படிக்கவும் எழுதவும் சாய்கோடும் நட்சத்திரமும் உள்ள முகவரி. இரண்டையும் இரண்டு கூற்றாகப் பிரித்து எழுதினேன், அவ்வளவுதான். இணையத்தில் இந்த ஒரு சாய்கோட்டுக்காக முழு எஸ்3 அனுமதியைத் தூக்கிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

பாலிசியின் தலையில் 2012-10-17 என்று ஒரு தேதி இருக்கும். அது நீங்கள் எழுதிய தேதி இல்லை, பாலிசி மொழியின் பதிப்பு. இன்றைய தேதியாக மாற்றினால் ஏற்றுக்கொள்ளாது. எடுத்தே விட்டால் 2008 பதிப்பாகக் கருதப்பட்டு, யூசர் பெயர் போன்ற மாறிகள் வேலை செய்யாது.

பாஸ்ரோல் என்று ஓர் அனுமதி உண்டு, ஒரு ரோலை ஒரு சேவைக்கு மாட்டிவிட. பார்க்க அப்பாவியாக இருக்கும். லாம்டா உண்டாக்கும் அனுமதியோடு இதை எல்லா ரோலுக்கும் சேர்த்துக் கொடுத்தால், அந்த டெவலப்பர் அட்மின் ரோல் ஒன்றை லாம்டாவுக்கு மாட்டிவிட்டு அதன் வழியாக எதையும் செய்யலாம், அந்த ரோல் லாம்டாவை ஏற்கும்படி இருந்தால் போதும். எந்தெந்த ரோல் என்று பெயர் சொல்லியே கொடுங்கள்.

அவ்வப்போது பார்க்க வேண்டியவை

ஐஏஎம் பக்கத்தில் கிரெடென்ஷியல் ரிப்போர்ட் என்று ஒரு சிஎஸ்வி எடுக்கலாம். மிச்சமிருக்கும் யூசர்கள், யாருக்கு எம்எஃப்ஏ இல்லை, எந்தக் கீ கடைசியாக எப்போது பயன்பட்டது எல்லாம் அதில் வரும். 4 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதிதாக உருவாகும், எனவே மாற்றம் செய்த கையோடு எடுத்துப் பார்த்து ஏன் மாறவில்லை என்று குழம்ப வேண்டாம். ரோலுக்குள் போனால் எந்தச் சேவை கடைசியாக எப்போது தொடப்பட்டது என்பதும் தெரியும். மாதக்கணக்கில் தொடாததை எடுத்துவிடலாம், வருஷத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை ஏதும் இல்லை என்று கேட்டுக்கொண்டு. எங்களுக்கு மார்ச் மாதக் கணக்கு முடிப்பு அப்படி ஒன்று.

யார் எந்த அனுமதியை மாற்றினார்கள் என்பதை கிளவுட்டிரெயிலில் (கணக்கில் நடப்பதைப் பதிந்து வைக்கும் சேவை) 90 நாள் வரை தனியாக எதுவும் அமைக்காமலே தேடலாம். ஆனால் மும்பை ரீஜனில் நின்றுகொண்டு தேடினால் ஐஏஎம் மாற்றங்கள் ஒன்றும் கிடைக்காது. ஐஏஎம் உலகம் முழுவதற்கும் பொதுவான சேவை என்பதால் அதன் பதிவுகள் வட வர்ஜீனியாவில் விழும். மேலே வலது மூலையில் ரீஜனை மாற்றிவிட்டுத் தேடுங்கள்.