வீட்டுக்குள்ள ஒரு மொகஞ்சதாரோ: பசங்களோட விளையாட ஸ்டெப் பை ஸ்டெப்

சிந்துவெளி நாகரிகம்னா ஆறாங்கிளாஸ் புக்ல ஒரு பாடம், பெருங்குளம், செங்கல் வீடு, மூடின சாக்கடை, ஒரு அஞ்சு மார்க் கேள்வி, அதோட முடிஞ்சு போயிடுது. ஆனா ஹரப்பாலயும் மொகஞ்சதாரோலயும் தோண்டி எடுத்த பொருட்கள்ல பசங்க விளையாட்டு சாமான் எவ்வளவு இருக்குன்னு தெரியுமா? சுட்ட மண்ல செஞ்ச மாட்டு வண்டி, கயிறு இழுத்தா தலையாட்டுற காளை, பறவை உருவத்துல ஊதல், கிலுகிலுப்பை, கோலி, பகடைன்னு எல்லாமே இருக்கு. 4,500 வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த பசங்களும் இப்படித்தான் விளையாடிருக்காங்க, அதனால அத நம்ம பசங்களுக்கு விளையாட்டாவே அறிமுகப்படுத்தறதுதான் சரின்னு எனக்குப் படுது.

ஆறு வயசுலேர்ந்து பதினோரு வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்கு இது செட் ஆகும். மூணு நாலு பேர் இருந்தா ரொம்ப நல்லது. சனிக்கிழமை சாமானெல்லாம் செஞ்சு காய வெச்சுட்டு ஞாயித்துக்கிழமை விளையாடலாம்.

வேணுங்கிற சாமான்

களிமண் கிடைச்சா அதுவே போதும். கிடைக்கலன்னா மைதா 2 கப், தூள் உப்பு 1 கப் சேர்த்து, தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா விட்டு சப்பாத்தி மாவ விட கொஞ்சம் கெட்டியா பிசைஞ்சுக்கோங்க. ஈரத்துணி போட்டு மூடி வெச்சுட்டா சீக்கிரம் காயாது. அப்புறம் ஒரு புது குளியல் சோப்பு (பழைய காஞ்ச சோப்பு வேண்டாம், செதுக்கும்போது உடையும்), பல்குத்தும் குச்சி, சணல் கயிறு, ஒரு ஹேங்கர், ரெண்டு கொட்டாங்குச்சி, சாக்பீஸ், ஒரு பழைய துணி. காசு குடுத்து தனியா கிட்டு எதுவும் வாங்க வேண்டாம்.

ஸ்டெப் 1: முத்திரை

முதல்ல இதத்தான் செய்யணும், ஏன்னா கையில முத்திரை வந்ததும் அந்தக் குழந்தை அந்த ஊர்க்காரரா ஆயிடும். அங்க முத்திரைய பெரும்பாலும் ஸ்டீட்டைட்னு ஒரு மிருதுவான கல்லுல வெட்டினாங்க, நம்ம வீட்டு கல்சட்டி செய்யற மாக்கல் ஜாதிதான் அது. வெட்டி முடிச்சு சூளைல சுட்டா கெட்டியாயிடும். நமக்கு சோப்பு போதும்.

சோப்ப நாலு சென்டிமீட்டர் சதுரமா நீங்க வெட்டிக் குடுங்க, கத்திய பசங்க கைல குடுக்க வேண்டாம். மேல் பாதில குறிகள், கீழ ஒரு மிருகம், இதுதான் அசல் முத்திரையோட அமைப்பு. அசல்ல அதிகமா வர்றது ஒத்தக் கொம்பு மிருகம், அது போக திமில் காளை, யானை, காண்டாமிருகம், புலி, எருமை எல்லாம் உண்டு. ஆளுக்கு ஒரு மிருகத்த அவங்களே எடுத்துக்கட்டும். முதல்ல பேப்பர்ல வரைஞ்சு பாத்துட்டு அப்புறம் சோப்புல பல்குத்தும் குச்சியால மெதுவா கீறி, கீறின இடத்தயே திரும்பத் திரும்ப ஆழமாக்கணும். மண்ல அழுத்தும்போது இடம் வலமா மாறிடும்ங்கறத முன்னாடியே சொல்லிடாதீங்க, முதல் தடவ அழுத்திப் பாத்துட்டு "அய்யோ காளை அந்தப் பக்கம் திரும்பிடுச்சு"ன்னு அவங்களே கண்டுபிடிக்கட்டும்.

குறிகளுக்கு என்ன போடறதுன்னு கேப்பாங்க. சிந்துவெளி எழுத்த ஆராய்ச்சி செஞ்ச ஐராவதம் மகாதேவன் 1977ல வெளியிட்ட தொகுப்புல 417 குறிகளப் பட்டியல் போட்டிருக்கார், மீன், அம்பு, குடம் மாதிரி, கம்பு தூக்கின ஆள் மாதிரின்னு நிறைய இருக்கு. பெரும்பாலான முத்திரைல நாலஞ்சு குறிதான் இருக்கும். எல்லாரும் ஒத்துக்கற மாதிரி அத இன்னும் யாராலயும் படிக்க முடியல. இத பசங்ககிட்ட கண்டிப்பா சொல்லுங்க! பெரியவங்களுக்கே விடை தெரியாத ஒரு விஷயம்னு கேட்டா அவங்க கண்ணு அப்படியே விரியும், அப்புறம் அவங்க மீனுக்கு என்ன அர்த்தம் வெச்சாலும் தப்புன்னு சொல்ல ஆளில்ல.

ஸ்டெப் 2: மூட்டை கட்டி சீல் வைக்கறது

பழைய துணில அரிசியோ கொண்டக்கடலையோ வெச்சு சணல் கயிறால கட்டுங்க. முடிச்சு மேல ஒரு சின்ன மண் உருண்டைய அமுக்கி, அதுமேல முத்திரைய அழுத்துங்க. ஒட்டாம இருக்க சோப்பு மேல கொஞ்சம் பவுடர் தடவிக்கலாம். குஜராத்ல இருக்கற லோதல்ல இப்படிப்பட்ட சுட்ட மண் சீல்கள் கிடைச்சிருக்கு, அதோட பின்பக்கத்துல கயிறு தடமும் பாய் தடமும் அப்படியே பதிஞ்சிருக்கு. மூட்டைய யாராவது வழில பிரிச்சா மண் உடைஞ்சிடும், அதனால சரக்கு வந்து சேர்ந்ததும் முதல்ல சீல் முழுசா இருக்கான்னுதான் பாக்கணும்.

இந்த ஒரு விதிய மட்டும் சொல்லிட்டா போதும், திருட்டு, விசாரணை, பஞ்சாயத்துன்னு கதை தானா கிளம்பிடும்.

ஸ்டெப் 3: தராசும் எடைக்கல்லும்

அந்த ஊர்கள்ல நாணயம் கிடையாது, ஆனா எடைக்கல் ரொம்ப துல்லியமா இருந்தது. செர்ட்ங்கற கல்லுல பளபளன்னு தேச்ச கனசதுரம், ஒன்னு, ரெண்டு, நாலு, எட்டு, பதினாறுன்னு இரட்டிப்பா போகும். அதிகமா கிடைச்சது சுமார் 13.7 கிராம் எடை.

ஹேங்கர் ரெண்டு முனைலயும் கொட்டாங்குச்சிய கயிறு போட்டுத் தொங்கவிட்டா தராசு ரெடி. இப்ப எடைக்கல்லுக்கு மெஷின் எதுவும் வேண்டாம். ஒரு சின்ன மண் உருண்டைய ஒரு தட்டுல வைங்க, அடுத்த தட்டுல அதுக்கு சமமா இன்னொன்னு. இப்ப ரெண்டையும் ஒரே தட்டுல போட்டு அதுக்கு சமமா ஒரு உருண்டை, அதுதான் 2. இதுவரைக்கும் செஞ்ச எல்லாத்தையும் ஒரு தட்டுல போட்டு அதுக்கு சமமா ஒன்னு செஞ்சா 4. மறுபடி எல்லாத்தையும் போட்டா 8. அப்புறம் ஒவ்வொன்னயும் தரைல தட்டித் தட்டி கட்டம் கட்டமா ஆக்கிக் காய வைங்க. இத ஒரே மூச்சுல செஞ்சு முடிச்சுடணும், நடுவுல விட்டுட்டுப் போனா முதல்ல செஞ்சது காஞ்சு எடை குறைஞ்சிடும். 1, 2, 4, 8 இந்த நாலே கல்ல வெச்சு 1லேர்ந்து 15 வரைக்கும் எந்த எடையும் நிறுக்கலாம், அத பசங்களையே போட்டுப் பாக்கச் சொல்லுங்க.

ஸ்டெப் 4: ஊர்

மொட்டை மாடிலயோ ஹால் தரைலயோ சாக்பீஸால வரைஞ்சிடலாம். பெரிய தெரு ரெண்டு, ஒன்னு வடக்கு தெற்கா, இன்னொன்னு கிழக்கு மேற்கா. வீட்டு நடுவுல முற்றம், ஓரத்துல குளிக்கற இடம், அங்கேர்ந்து தெரு சாக்கடைக்கு ஒரு கோடு. வாசல் பெரும்பாலும் பெரிய தெரு பக்கம் இருக்காது, சந்துப் பக்கம்தான். கிணறு போட மறக்காதீங்க. பாசிமணி செய்யறவர் வீடு, முத்திரை வெட்டறவர் வீடு, கிடங்கு, படகுத்துறை, இவ்வளவு இருந்தா போதும்.

ஸ்டெப் 5: விளையாட்டு

"நான்தான் ராஜா"ன்னு கண்டிப்பா ஒருத்தர் கிளம்புவாங்க. மொகஞ்சதாரோல இதுதான் அரண்மனைன்னு உறுதியா சொல்ற மாதிரி ஒரு கட்டடம் கிடைக்கல, பூசாரி அரசன்னு சொல்ற அந்த தாடிக்காரர் சிலை கூட 17.5 சென்டிமீட்டர் உயரம்தான், அந்தப் பேரும் தோண்டினவங்க வெச்சது. அதனால இந்த விளையாட்டுல கிரீடம் வேண்டாம்னு முதல்லயே பேசிக்கோங்க. ராஜா வந்துட்டா ஒருத்தர் உத்தரவு போட மத்தவங்க சும்மா நிப்பாங்க, தொழில் குடுத்தா எல்லாருக்கும் வேலை இருக்கும். மணி கோக்கறவர், எடை போடறவர், படகோட்டி, வணிகர்னு பிரிச்சுக்கட்டும்.

பக்கத்து ரூம் மெசபடோமியா, அதாவது இப்ப இராக் இருக்கற பக்கம். அங்க இருந்த அக்காத் அரசன் சார்கோன், மெலுஹாலேர்ந்து வந்த கப்பல்கள் தன்னோட துறைல நின்னதா பெருமையா எழுதி வெச்சிருக்கான். மெலுஹாங்கறது சிந்துவெளிதான்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க. இங்கேர்ந்து கார்னீலியன்ங்கற சிவப்புக் கல்லுல செஞ்ச மணி, தந்தம், மரம் போகும் (சிவப்பு பாசிமணி, வெள்ளை பட்டன், ஐஸ்கிரீம் குச்சி வெச்சுக்கலாம், மூணு வயசுக்குக் கீழ பாப்பா இருந்தா பாசிமணிக்கு பதிலா பெரிய மண் உருண்டை). போற வழில மகான், அதாவது ஓமான் பக்கம், செம்பு ஏத்திக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மொழிபெயர்ப்பாளர் வேஷம். ஷு இலிஷுன்னு ஒருத்தரோட உருளை முத்திரை பாரிஸ் லூவர் மியூசியத்துல இருக்கு, அதுல அவர் மெலுஹா மொழிபெயர்ப்பாளர்னே எழுதியிருக்கு. அதனால மெசபடோமியா ரூம்ல இருக்கறவங்க தமிழ் பேசக் கூடாது, அவங்களே இட்டுக்கட்டின ஒரு பாஷைதான் பேசணும், நடுவுல நிக்கற ஒருத்தருக்கு மட்டும்தான் ரெண்டும் புரியும். அவர் ஒழுங்கா சொல்றாரா, தனக்கு ரெண்டு மணி ஒதுக்கிக்கறாரான்னு வணிகர்தான் கவனிக்கணும். கூச்ச சுபாவம் உள்ள குழந்தைக்கு இந்த வேஷத்தக் குடுத்துப் பாருங்க, எல்லாரும் அவங்க வாயையே பாத்துட்டு நிப்பாங்க.

விளையாட்டு சூடு பிடிச்சதும் நீங்க விலகிடுங்க. நடுவுல புகுந்து "இது எந்த நூற்றாண்டு சொல்லு"ன்னு கேள்வி கேட்டா அந்த உலகம் அப்பவே கலைஞ்சிடும். படகுல ஹெலிகாப்டர் வந்தாலும் விட்டுடுங்க, ராத்திரி சாப்பிடும்போது வேணா பேசிக்கலாம்.

மிச்ச மண் இருந்தா

பகடை ஒன்னு செய்யுங்க. நம்ம லூடோ பகடைல எதிரெதிர் பக்கத்தக் கூட்டினா 7 வரும். மொகஞ்சதாரோல கிடைச்ச பகடைல 1க்கு எதிர்ல 2, 3க்கு எதிர்ல 4, 5க்கு எதிர்ல 6னு இருக்கு. புள்ளிய பென்சில் முனையால குத்திடலாம்.

மைதா மாவுல செஞ்சதெல்லாம் நிழல்ல ரெண்டு மூணு நாள் நல்லா காய்ஞ்சப்புறம் காத்துப் புகாத டப்பால போட்டு வைங்க, உப்பு ஈரத்த இழுக்கும், மழைக்காலத்துல வெளில வெச்சா பிசுபிசுன்னு ஆயிடும். சோப்பு முத்திரைய மட்டும் பாத்ரூம் பக்கம் வைக்காதீங்க, யாராவது எடுத்துக் குளிச்சிடுவாங்க.