நீளமான குழாய்ப் பாதைக்கு மண் வரைபடம் பார்ப்பது எப்படி?

ஒரு வீட்டு மனை என்றால் இரண்டு மூன்று இடத்தில் துளை போட்டு மண்ணைப் பார்த்துவிடலாம். நூறு கிலோமீட்டரைத் தாண்டும் குழாய்ப் பாதைக்கு, துளையை எங்கே போடுவது என்பதே முதல் கேள்வி. டிஜிட்டல் மண் வரைபடம் அதற்குத்தான் உதவும்.

அமெரிக்காவின் டெக்சாஸில் வேக்கோவிலிருந்து டல்லாஸுக்கு ஒரு குழாய் போடுவதாக வைத்துக்கொள்வோம். அந்நாட்டு வேளாண் துறையின் 'சர்கோ' மண் தரவும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் போதும். இரண்டும் இலவசம்.

படி 1: 'வெப் சாயில் சர்வே' தளத்தில் மெக்லென்னன், ஹில், எல்லிஸ், டல்லாஸ் ஆகிய கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்றவை) தரவை இறக்கி, நான்கையும் ஒரே லேயராக (வரைபடப் படலமாக) இணையுங்கள்.

படி 2: பாதையை ஒரு கோடாக வரையுங்கள். எல்லா லேயரையும் யூடிஎம் 14 வடக்கு மண்டலத்துக்கு (நீளத்தை மீட்டரில் அளக்க உதவும் ஆயமுறை) மாற்றிவிடுங்கள்.

படி 3: கோட்டை மண் லேயரோடு 'இன்டர்செக்‌ஷன்' செய்து (மண் மாறும் இடங்களில் கோட்டைத் துண்டாக்கி), ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் கணக்கிடுங்கள். பலர் இந்த இடத்தில் பஃபர் (கோட்டைச் சுற்றி ஒரு பட்டை) போட்டு ஏக்கர் கணக்கைக் கொடுத்துவிடுகிறார்கள். பள்ளம் தோண்டுகிறவருக்கு ஏக்கரை வைத்து என்ன செய்வது? எந்தக் கிலோமீட்டரிலிருந்து எதுவரை எந்த மண் என்பதுதான் அவருக்கு வேண்டும்.

படி 4: வரைபடத்தில் இருப்பது வெறும் குறியீடு. மண்ணின் குணங்கள் தனி அட்டவணைகளில் இருக்கும். ஒவ்வொரு மண் பகுதிக்கும் தரப்பட்ட 'மியூகீ' எண்தான் இரண்டுக்கும் இணைப்பு. கவனம் தேவைப்படும் இடம் இதுதான். ஒரே மியூகீக்குள் பல மண் வகைகள் இருக்கலாம், ஒவ்வொன்றிலும் பல அடுக்குகள் இருக்கலாம். கியூஜிஐஎஸ்ஸின் சாதாரண 'ஜாயின்' (அட்டவணை இணைப்பு) அவற்றில் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதனால் அதிக சதவீதம் உள்ள வகையை முதலில் வடிகட்டி இணையுங்கள். அப்புறம் மீதி வகைகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்: பெரும்பான்மை களிமண்ணாக இருக்க, சிறுபான்மை பாறையாக இருந்தால் செலவை ஏற்றுவது அந்தச் சிறுபான்மைதான்.

படி 5: முதலில் சுருங்கி விரியும் அளவைப் பாருங்கள். 3 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 9-க்கு மேல் மிக அதிகம். இந்தப் பாதையில் அடிக்கடி வரும் 'ஹூஸ்டன் பிளாக்' மண் மிக அதிகம் என்ற ரகம். நம் கோவில்பட்டிக் கரிசலும் இதே வெர்ட்டிசால் (சுருங்கி விரியும் களிமண்) இனம்தான். கோடையில் வாய் பிளக்கும், மழையில் உப்பிக் குழாயை நெருக்கும். அடுத்து இரும்பை அரிக்கும் தன்மை, வெள்ள வாய்ப்பு, பாறை ஆழம். 'எடி' என்ற மண் வந்தால் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணப்பாறை தட்டும். சாதாரண பொக்லைன் போதாமல் போகலாம்.

படி 6: குணம் சட்டென்று மாறும் எல்லைகளில் துளைப் புள்ளிகளை வையுங்கள். 1:24,000 அளவு வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 24 மீட்டர்; எல்லைக்கோடு அந்த அளவு தள்ளியும் இருக்கலாம். எனவே எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு துளை இருக்கட்டும்.

இந்தத் தரவு பொதுவாக இரண்டு மீட்டர் ஆழம் வரைதான் பேசும். ஆற்றுக்கு அடியில் குழாயைக் கொண்டுபோகும் இடங்களுக்கு இதை நம்பாமல், ஆழ்துளை ஆய்வைத் தனியாகத் திட்டமிடுங்கள்.