கத்தரி மஞ்சளானால் வேரைக் கிண்டிப் பாருங்கள்

போர் முடிந்து 2010 இல் திரும்பி வந்து குடியேறியபோது, முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடுவில் எங்கள் வளவின் வடக்கு மூலையில் பழைய லொறிப் பற்றரிகள் உடைந்து கிடந்தன. அள்ளி அப்புறப்படுத்திவிட்டுக் கத்தரி நட்டேன். கன்று ஒரு சாணுக்கு மேல் எழும்பவில்லை, இலையெல்லாம் மஞ்சள். பசளை காணாதென்று யூரியா போட்டேன். இன்னும் மோசமானது. யூரியா மண்ணின் புளிப்பைக் கூட்டும். புளித்த மண்ணில் பற்றரி ஈயமும் கட்மியம் போன்ற மற்ற நச்சு உலோகங்களும் இன்னும் இலகுவாகக் கரைந்து வேருக்குப் போகும். அது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஒரு கன்றைக் கிண்டி வாளித் தண்ணீரில் அலசினேன். நடுவேர் விரல் நீளமும் இல்லை. நுனி கறுத்து மொட்டையாகி, அதற்கு மேலே தேய்ந்த தும்புத்தடி போலக் குட்டைக் குட்டையாய்ப் பக்கவேர்கள். வேர் நீளுவது நுனியிலுள்ள சில மில்லிமீற்றரில்தான். நஞ்சு முதலில் படுவதும் அங்கேதான். கலங்கள் பிரிவது நின்று, சுவர் தடித்துவிடும். வேர்மயிரும் குறையும். பிறகு இரும்பும் நாகமும் (துத்தநாகம்) மேலே ஏறாது, இலை மஞ்சளாகும்.

உங்கள் மண்ணில் சந்தேகமிருந்தால் பயறு போட்டுப் பாருங்கள். அதற்கு முன் ஒன்று: கண்ணிவெடி அகற்றிய நிலமென்று உறுதியாகத் தெரியாத இடத்தில் மண்வெட்டி வைக்கவே வேண்டாம்.

சந்தேகமான இடத்தில் ஐந்து புள்ளிகளில் ஒரு சாண் ஆழம்வரை மண் எடுத்துக் கலவுங்கள். அதே வளவில், அதே மாதிரி மண்ணுள்ள நல்ல மூலையிலிருந்தும் எடுங்கள். செம்மண்ணையும் மணலையும் ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். சோடாப் போத்தல்களைப் பாதியாக வெட்டி, அடியில் துளையிட்டு, ஒவ்வொரு மண்ணுக்கும் மூன்று போத்தல் நிரப்புங்கள். இரவு ஊறிய பயறு பத்துப் பத்தாக ஊன்றி, எல்லாவற்றுக்கும் ஒரே கிணற்றுத் தண்ணீரை ஈரம் காயாத அளவுக்கு மட்டும் தெளியுங்கள். ஐந்தாம் நாள் போத்தலைக் கிழித்து, வேர் அறாமல் அலசி, அடிமட்டத்தால் அளவுங்கள். எனக்கு நல்ல மண்ணில் ஆறு ஏழு சென்ரிமீற்றர் வந்தது. பற்றரி மூலை மண்ணில் இரண்டுதான், நுனி எரிந்த தீக்குச்சி மாதிரி.

குட்டை வேர் எந்த உலோகமென்று சொல்லாது. உப்பும் அசிட்டும்கூட வேரைக் குட்டையாக்கும். வேர் நீண்டு வந்தாலும் நம்பிவிடாதீர்கள். கட்மியம் செடியை வாட்டாமலே இலைக்கு ஏறிவிடும். ஈயம் பெரும்பாலும் வேரில் தங்கும், அதனால் மரவள்ளியும் கரட்டும் அங்கே கூடாது. கீரையும் வேண்டாம். பழைய பற்றரி, எரிந்த வாகனம் கிடந்த இடமென்றால் மண்ணை ஆய்வுகூடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும்.

சுண்ணாம்பும் கூட்டெருவும் உலோகத்தைப் பிடித்து வைக்கும், அகற்றாது. உலோகம் உக்கிப் போகிற பொருளல்ல. நான் கத்தரியை வேறு மண் கொட்டி உயர்த்திய பாத்திக்கு மாற்றினேன். அந்த மூலையில் இப்போது பூவரசு நிற்கிறது. ஆட்டுக்கு அதில் குழை ஒடிக்க விடுவதில்லை. பேரப்பிள்ளைகள் அந்த மண்ணில் விளையாடாதபடி சுற்றிவர வேலியும் போட்டிருக்கிறேன்.